ஏழாவது மாடிப் புல்

மே மாதத்து முதல் ஞாயிறு. செம்பூரில் ஓர் ஏழு மாடிக் குடியிருப்பு சொசைட்டியின் காம்பவுண்டில் நாற்பது பேர் கூடியிருக்க, அத்தனை பேர் முன்னாலும் தோட்டக்காரி மாரீஸ்வரியைத் திருடி என்று சொன்னார் செக்ரட்டரி அனந்தகிருஷ்ணன். தண்ணீர்த் திருடி. "பானி சோர் ஹை யே" என்று ஹிந்தியில், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. இத்தனைக்கும் மனுஷர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர். மற்ற நாளெல்லாம் அவளிடம் தமிழில்தான் பேசுவார். அன்றைக்கு மட்டும் ஊருக்கே கேட்க வேண்டும் என்பதால் பாஷை மாறிவிட்டது.

அவர் சொன்ன நியாயத்தையும் கேளுங்கள். மாநகராட்சி தண்ணீரைக் குறைத்துவிட்டது. மொட்டைமாடி டேங்க் மத்தியானத்துக்குள் காலியாகிறது. ஆபீஸ் போகிறவர்கள் அரை வாளியில் குளிக்கிறார்கள். ஆனால் கீழே தோட்டம் மட்டும் பச்சைப் பசேலென்று நிற்கிறது. தண்ணீர் இல்லாமல் எப்படி நிற்கும்? இவள்தான் டேங்க் தண்ணீரைத் திறந்துவிட்டு ஊற்றுகிறாள், மிச்சத்தைக் கேனில் பிடித்துத் தாராவிக்குக் கொண்டுபோய் விற்கிறாள். ஆதாரத்துக்கு ஒரு போட்டோ: தோட்டத்துக் குழாயடியில், இரண்டு கையிலும் இரண்டு கேனோடு மாரீஸ்வரி.

வேலை தெரிந்தவளாக இருப்பது எவ்வளவு பெரிய குற்றம் பாருங்கள். அந்தத் தோட்டம் ஏன் பச்சையாக இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால், தாராவி கும்பார்வாடாவில் குயவர்கள் கழித்துப்போட்ட மண்பானைகள் பதினெட்டைச் சுமந்து வந்து, செடிகளுக்கு நடுவில் கழுத்துவரை புதைத்திருந்தாள். மேலே கொட்டாங்கச்சி மூடி. பானையில் ஊற்றிய தண்ணீர் சுவர் வழியே கசிந்து நேரே வேருக்குப் போகும். வெயிலுக்கு ஒரு சொட்டு கிடைக்காது. மண்ணுக்கு மேலே நான்கு விரல் கனத்துக்குத் தேங்காய் நாரும் சருகும். தாகக்காரச் செடியெல்லாம் பானையோரம், அரளியும் கற்றாழையும் சுவரோரம். மொத்தத் தோட்டத்துக்கும் நாலு நாளைக்கு ஐந்து கேன் தண்ணீர். அதில் இரண்டு கேனைத்தான் அவர் போட்டோ எடுத்தார்.

இதையெல்லாம் அவள் சொல்லிப் பார்த்தாள். "பானையத் தோண்டிக் காட்டுதேன், வந்து பாருங்க சார்" என்றாள். அவர் வரவில்லை. அங்கேயே அவளை வேலையை விட்டு நிறுத்தினார். மீட்டிங் முடிந்து நாஷ்டாவுக்கு நேரமாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் அந்தப் போட்டோ பக்கத்து சொசைட்டிகளின் வாட்ஸாப்புக்கெல்லாம் போனது. செவ்வாய்க்கிழமைக்குள், அதே தெருவில் அவள் தோட்டவேலை பார்த்த மூன்று பில்டிங்கில் இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

புருஷன் சுடலைக்கண்ணன், தோல் பட்டறையில் பெல்ட் தைப்பவன், நல்ல மனுஷன்தான். "விட்டுத் தொலைட்டி. செம்பூரு இல்லன்னா சயான், சயான் இல்லன்னா மாஹிம். ஒனக்கா வேல கெடைக்காது?" என்றான்.

"வேல கெடைக்கும். பேரு கெடைக்குமா?" என்று கேட்டாள் மாரீஸ்வரி. "நாப்பது பேரு முன்னால சொன்னாம்லா, அந்த நாப்பது பேரு முன்னால அவன் வாயாலயே இல்லன்னு சொல்லணும். சொல்ல வெக்காம விடமாட்டேன்."

அவளுக்குப் பற்றி எரிந்தது. சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் யாராவது போனைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால்கூட, தன் போட்டோவைத்தான் பார்க்கிறார்களோ என்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அவளை நிறுத்தாத பில்டிங் ஒன்றே ஒன்றுதான். அது அந்த சொசைட்டிக்கு அடுத்தாற்போல், ஒரு மாடி உயரமாக நின்றது. புதன்கிழமை காலை அதன் மொட்டைமாடியில் தொட்டிகளுக்கு நார் பரப்பிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பக்கத்தில் பார்த்தாள். பார்த்தபடியே நின்றுவிட்டாள்.

ஏழாவது மாடியில், செக்ரட்டரி வீட்டு ஹாலை ஒட்டிய திறந்த மாடியில், அறை அகலத்துக்குப் புல்தரை. மே மாத வெயிலில், நேற்று முளைத்த நாற்று மாதிரி பச்சை.

பிப்ரவரியில் அந்தப் புல் சுருள் சுருளாக வந்து இறங்கியபோது, அதைப் பதிக்கச் சொல்லி முதலில் அவளைத்தான் கூப்பிட்டார். "பெர்முடா, தெரியுமோ? ஃபாரின் வெரைட்டி" என்று பெருமையாகச் சொன்னார். அவள் ஒரு துண்டை இழுத்துப் பார்த்தாள். கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடுகிற அருகம்புல். மனுஷர் மாதாமாதம் சதுர்த்திக்குப் பிள்ளையாருக்கு மாட்டுங்காவில் கட்டு வாங்கிப் போடுகிறாரே, அதே புல். பேரை மாற்றிச் சுருட்டினால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "இந்த ஊர்ல தீபாவளி கழிஞ்சா ஜூன் வரைக்கும் மழ கெடையாது சார். சூடு ஏறுத ஸ்லாப்புல இத பச்சையா வெக்கணும்னா தெனமும் இருபது கேன் குடிக்கும். வேண்டாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். அவர் வேறு ஆள் வைத்துப் பதித்துக்கொண்டார்.

தினமும் இருபது கேன். எங்கிருந்து வருகிறது?

நேரே ஃபர்ஸானா டீச்சர் வீட்டுக்குப் போனாள். டீச்சர் அந்த சொசைட்டியிலேயே முதல் மாடி. அந்த ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் தலையைக் குனிந்துகொண்டிருந்த ஒரே ஆள். வாட்ச்மேன் தடுத்தபோது டீச்சரே இறங்கிவந்து, "என் விருந்தாளி" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

"ஒரே ஒரு வாரம் டீச்சர்" என்றாள் மாரீஸ்வரி, தாராவி ஹிந்தியில். "தோட்டத்துக் குழாய்க்குப் பூட்டுப் போடுங்க. சாவி உங்ககிட்ட இருக்கட்டும். பூட்டுன போட்டோவ குரூப்புல போடுங்க. அரிசி கழுவுற தண்ணி, பருப்பு கழுவுற தண்ணிய மட்டும் நான் சொல்லுற பானையில ஊத்துங்க. தோட்டம் வாடுதா பாப்போம். டேங்க் நெறையுதா பாப்போம்."

ஒரு வாரம் குழாய் பூட்டியே கிடந்தது. தோட்டம் வாடவில்லை. டேங்கும் நிறையவில்லை. எட்டாம் நாள் காலை டீச்சர் இன்னும் மூன்று வீட்டுக்காரர்களையும் ஒரு ப்ளம்பரையும் கூட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினாள். டேங்கின் அடியிலிருந்து ஒரு கறுப்புக் குழாய் சுவரோரமாக, பெயிண்ட் அடித்து மறைத்து, நேரே செக்ரட்டரியின் புல்தரைக்குப் போயிருந்தது. ப்ளம்பர் அங்கேயே அதை அறுத்து மூடினான்.

இதோடு முடிந்தது, அவர் தலைகுனிந்து நிற்கப் போகிறார் என்றுதான் மாரீஸ்வரி நினைத்தாள். அடுத்த ஞாயிறு மீட்டிங் நடக்கும்போது கேட்டுக்கு வெளியே வந்து காத்து நின்றாள். உள்ளே அனந்தகிருஷ்ணன் எழுந்து, புல் பதித்துக் கொடுத்தவன் குழாயைத் தப்பாக இணைத்துவிட்டான், தனக்குத் தெரியவே தெரியாது என்று ஹிந்தியில் ஒரு பாட்டம் பேசினார். தண்ணீர் வந்துவிட்டதே, போகட்டும் என்று ஜனங்கள் கலைந்தார்கள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டீச்சர் எழுந்து கேட்டதற்கு, "அது தனி விஷயம், அப்புறம் பேசலாம்" என்று மடக்கிவிட்டார். குழாய் அறுந்தது, திருடிப் பட்டம் அப்படியே இருந்தது.

மே கடைசி வாரம் புல் வைக்கோல் நிறமாயிற்று. அப்போதுதான் செக்ரட்டரிக்கு அவள் ஞாபகம் வந்தது. பக்கத்து பில்டிங் லிஃப்ட் வாசலில் அவளை மடக்கினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, தமிழில்:

"மாரீஸ்வரி, நீ நம்ம மனுஷி. அன்னிக்கு ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதே. அந்தப் புல்லுக்கு ஏதாவது பண்ண முடியுமா, வந்து பாரேன். ஆத்துல தெனம் அழறா."

"அன்னைக்கு சொன்ன எடத்துலயே சொல்லுங்க சார். ஹிந்தியிலயே சொல்லுங்க. அது போதும் எனக்கு."

"அதான் முடிஞ்சு போச்சே, மறுபடி எதுக்குக் கிளறிண்டு? உன்னை வேணா மறுபடி வேலைக்குச் சேத்துக்கறேன்."

அவள் நெஞ்சில் அத்தனை நாள் கொதித்துக் கிடந்தது அந்த நிமிஷம் அடங்கி, ஜில்லென்று ஆகிவிட்டது. "வாங்க, பாப்போம்" என்றாள்.

அவர் வீட்டு ஹாலில் பிள்ளையார் படத்துக்கு அருகம்புல் மாலை போட்டிருந்தது. அதைத் தாண்டித்தான் மாடிக்குப் போனார்கள். மாரீஸ்வரி குந்தி உட்கார்ந்து ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். மேலே சருகு. நகத்தால் கீறினாள். தண்டுக்குள்ளே வெள்ளை, கணுவில் ஈரம். உயிர் கெட்டியாக இருந்தது. தண்ணீர் நின்றால் அருகு காய்ந்த மாதிரி கிடக்கும், முதல் மழைக்கு எழுந்துவிடும். மூன்று வாரம் சும்மா விட்டால் போதும். அவருக்கு ஒரு பைசா செலவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். இதைத் தெரியாமல் ஒரு தோட்டக்காரி இருக்க முடியாது.

அவள் எழுந்து கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"செத்துப் போச்சு சார். வேரோட போயிட்டு. இனி வெச்சிருந்தா பூச்சி வரும், ஸ்லாப்பு கெட்டுப் போவும். சுருட்டித் தூக்கிப் போடுங்க."

இருபது வருஷத்தில் ஒரு செடியைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய் அது. சொல்லிவிட்டு லிஃப்டில் இறங்கும்போது சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

மறுநாள் செக்ரட்டரி இரண்டு ஆள் வைத்து, புல்லைச் சுருட்டி, கேட்டுக்கு வெளியே குப்பை வண்டிக்காகப் போட்டார். வண்டி வருவதற்குள் மாரீஸ்வரி வந்துவிட்டாள். கேட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில், காம்பவுண்டுச் சுவரோரமாக வெயில் விழுகிற மண்தரை இருந்தது. அது சொசைட்டி இடமில்லை, யாரும் அவளை விரட்ட முடியாது. மண்ணைக் கொத்தி, சுருளை விரித்து, காலால் மிதித்து அழுத்தி, மேலே பழைய கோணிச் சாக்கைப் போட்டாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை டீச்சர் வீட்டு அரிசி கழுவிய தண்ணீர், அவ்வளவுதான். போகிற வருகிறவர்கள் காய்ந்த புல்லுக்குப் படுக்கை போடுகிற பைத்தியம் என்று நினைத்தார்கள். அனந்தகிருஷ்ணனும் காரில் போகும்போது பார்த்துச் சிரித்தார்.

ஜூன் இரண்டாவது வாரம் மழை இறங்கியது. சாக்கை எடுத்தாள். மூன்றாம் நாள் ஊசி ஊசியாகப் பச்சை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்குக்கு இறங்கிவந்தவர்கள் எல்லாரும் உள்ளே போகாமல் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். சுவர் நீளத்துக்குப் புல்தரை, குழந்தைகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிக்கொண்டிருந்தன. யார் போட்டது என்று கேட்டதற்கு, "செக்ரட்டரி சாப் தூக்கிப்போட்ட புல். மாவ்ஷி எடுத்துப் போட்டாங்க" என்று சுவரோரம் நின்ற மாரீஸ்வரியைக் காட்டி வாட்ச்மேன் சொன்னான்.

அனந்தகிருஷ்ணன் வந்தார். புல்லைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கிட்டே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தமிழில், "செத்துப் போச்சுன்னு சொன்னியே?" என்றார்.

மாரீஸ்வரி ஒரு எட்டு பின்னால் வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஹிந்தியில் பதில் சொன்னாள். "ஆமா சார், பொய் சொன்னேன். புல் உயிரோட இருக்குன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். நான் செஞ்சது தப்பு. எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிறேன். இப்ப நீங்க சொல்லுங்க. நான் தண்ணி திருடினேனா?"

ஃபர்ஸானா டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள். ஒருவரும் கேட்டுக்குள் நகரவில்லை. குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒருத்தர், "போலியே சாப், சொல்லுங்க" என்றார். அனந்தகிருஷ்ணன் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அவள் திருடவில்லை என்று ஹிந்தியில் முணுமுணுத்தார்.

"கேக்கல சார்" என்றாள்.

அவர் இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை கடைசி ஆள்வரைக்கும் கேட்டது. தண்ணீர் போனது என் வீட்டுக்கு, இவள் எடுக்கவில்லை, நான் சொன்னது பொய். முகம் சிவந்து, கழுத்து வேர்த்திருந்தது. மாரீஸ்வரிக்கு வயிறு குளிர்ந்தது. அந்த முகத்தை அவள் அவசரமில்லாமல், ஆசை தீரப் பார்த்தாள்.

"இப்போ திருப்தியா உனக்கு?" என்றார் அவர், மறுபடி தமிழில்.

"எங்க சார்" என்றாள் மாரீஸ்வரி. "என்னைய நிறுத்துன மூணு பில்டிங்கும் இந்தத் தெருவுலதான் இருக்கு. அங்கயும் இன்னைக்கு மீட்டிங்குதான். வாங்க, அடுத்த மழைக்குள்ள போயிட்டு வந்துருவோம்."