வீட்டுக்காரர் நாற்காலி

முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த அன்று அப்பா அழவில்லை, சண்டை போடவில்லை. உட்காரத்தான் மாட்டேன் என்றார்.

அறையில் ஒரு கட்டில், ஓர் அலமாரி, பக்கவாட்டில் இரும்புப் பிடி வைத்த பெரிய சாய்வு நாற்காலி. அப்பா சுவரைப் பிடித்துப் பிடித்து மூன்றையும் சுற்றி வந்தார். அலமாரியைத் தோளால் நெட்டி எடை பார்த்தார். கையை விரித்துக் கதவின் அகலத்தை அளந்தார். பிறகு தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கியே காலம் கழித்தவர். எதையும் கயிறு போட்டு இறுக்காமல் விடமாட்டார். அதனால் லாரி ஷெட்டில் அவர் பெயரே கயித்தண்ணன். அந்த வேலையில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான்: வீட்டுக்காரர் சாமானில் உட்காரக் கூடாது. இடுப்பு ஒடிந்தாலும் படியில் உட்கார், இல்லையென்றால் தரையில். அதே ஷெட்டில் வண்டி ஓட்டுகிற எனக்கும் அது தெரியும்.

இல்லத்தைக் கவனிக்கிற நர்ஸ் என்னை வெளியே கூப்பிட்டார்.

"இதோ பாரும்மா. விழுந்து அடிபட்ட உடம்பு. தரையில உக்காந்தா தூக்கிவிட ரெண்டு பேர் வேணும். ராத்திரியில ஒரே ஆள்தான். கட்டில், நாற்காலி பழகலன்னா நான் வச்சுக்க முடியாது. சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லு."

எங்கே கூட்டிப் போவது? நான் வெளியூர் ஓட்டத்தில் இருந்தபோதுதான் அடுப்படியில் விழுந்து, பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கும்வரை கிடந்தார். வண்டியை விட்டால் சோறில்லை. இருந்த வாடகை வீட்டையும் காலி செய்தாயிற்று.

திரும்பி வந்தால், அப்பா நாற்காலிப் பிடியைத் தன் துண்டால் வரிந்து கட்டியிருந்தார்.

"என்னப்பா பண்ணி வச்சிருக்க?"

"படியில இறக்கும்போது படக்குன்னு விரிஞ்சுக்கும். விரல் போயிடும்."

"யாரு இறக்கப் போறா?"

"நாமதான். வீட்டுக்காரன் எங்கடி? இதெல்லாம் எங்க போடணும்னு கேட்டியா?"

புத்தி தடுமாறிப் பேசுகிறாரா, கிண்டலா? அவர் முகத்தில் எதையும் படிக்க முடியாது. கெஞ்சினால் வேலைக்காகாது என்பது மட்டும் தெரியும். சட்டைக் கையை மடித்துவிட்டு அவர் எதிரில் போய் நின்றேன்.

"சார், வண்டி வந்தாச்சு. கட்டில் எங்க போடணும், சொல்லுங்க."

மேலும் கீழும் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

"ஜன்னல் பக்கம்."

இழுத்துப் போட்டேன்.

"வெயில் அடிக்குமே. அந்தச் சுவரோரம் தள்ளு."

தள்ளினேன்.

"ம்ஹும். பழைய இடத்துலயே போடு."

"முதல்லயே யோசிச்சுச் சொல்லக் கூடாதா சார்?"

"கூலி வாங்குறல்ல? சுவத்துல கோடு விழாம நகத்து!"

சத்தம் கேட்டு நர்ஸ் ஓடிவந்தார். "என் ரூமை என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"உன் ரூமா? அப்ப நீ சொல்லேன், எங்க போடணும்னு. இந்தப் பொண்ணு என்னைத்தானே கேக்குது" என்றார் அப்பா.

நர்ஸ் ஒதுங்கி வழிவிட்டார். நாற்காலியைக் காட்டி, "இது எங்க சார்?" என்றேன்.

"முதல்ல துண்டை அவுத்துவிடு."

அவிழ்த்தேன். கையை நீட்டினார். நானும் நர்ஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். நாற்காலி மெத்தையை முட்டியால் அழுத்திப் பார்த்தார். நுனியில் உட்கார்ந்தார். கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். பிடியை இழுத்தார். கீழிருந்து பலகை எகிறி அவர் கால்களைத் தூக்கியது.

"யம்மாடி!"

கால் விரல்களை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தார். மடக்கினார். மறுபடி இழுத்தார்.

"இதுக்குத்தானா இந்தப் பிடி! எத்தனை நாற்காலி சுமந்திருப்பேன். இது எதுக்குன்னு ஒருத்தன் சொன்னானாடி?"

நாளைக்கு எங்கே லோடு என்று கேட்டார். சொன்னேன்.

"மலைப்பாதை. வெளிச்சம் இருக்கும்போதே ஏறிடு."

"போயிட்டு வரேம்ப்பா" என்று இரண்டு தடவை சொன்னேன். இரண்டுக்கும் "ம்" என்றார். கதவைத் தாண்டும்போது அவர் நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தார்:

"ஏம்மா, பக்கத்து ரூம்ல யாரு? அந்த ஆளுக்கும் கால் மேல போகுதா?"