லவினா ஆன்ட்டியின் சைகஸ்

...எறும்பு ஒன்றுகூட இல்லை, பிறகு ஏன் இலை இன்னும் குறைகிறது, ஹெட்செட்டில் மேனேஜர் ரித்விக் ரிலீஸ் தேதியைப் பற்றிப் பேசிக்கொண்டே போக, தாரணி மைக்கை அணைத்துவிட்டுப் பால்கனியில் தொட்டியின் முன் குத்துக்காலிட்டிருந்தாள். நேற்று அவள் இழுத்த எறும்பு சாக்பீஸ் கோடு தொட்டியைச் சுற்றி வெள்ளை வெளேரென்று கிடந்தது. குட்டைப் பனை மாதிரி நிற்கும் இந்த சைகஸ் பக்கத்து ஃப்ளாட் லவினா ஆன்ட்டியுடையது. பழைய பிரேசர் டவுன் வீட்டை இடித்துக் கட்ட பில்டரிடம் விட்டபோது, அவர் அப்பா வைத்த செடிகளில் இதை மட்டும்தான் பெயர்த்து வர முடிந்ததாம். மகள் பிரசவத்துக்கு மங்களூர் கிளம்பும்போது சொன்னார், வருஷத்துக்கு ஒரு தடவைதான் புது இலை விடும், அது போனா போனதுதான், உன்ன நம்பி விட்டுட்டுப் போறேன் தாரணி. இதோ மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ ஏறிவிட்டாராம், போனில் கேட்டார், இலை எப்படி இருக்கு? நல்லா இருக்கு ஆன்ட்டி என்று வாய் ஏன் தானாகச் சொன்னது?

எறும்புதான் தின்கிறது என்று எப்படி அவ்வளவு நிச்சயமாக நினைத்தாள்... சுருள் பிரியாத இளம் இலையில் கூட்டமாக மொய்த்தன, ஊரில், ஆம்பூர் வீட்டுச் சர்க்கரை டப்பாவில் மொய்த்தால் அதுதானே அர்த்தம், அதனால் கோடு போட்டாள். இன்று எறும்பு போன இடத்தில் பார்த்தால், இலையின் ஒரு துண்டே நகர்கிறது. அரிசி நீளம், இலைப் பச்சை, தட்டையான புழு, தலை எந்தப் பக்கம்? போனில் தேடத் தேட வேறு ஒரு உலகம் வந்தது. சின்ன நீலப் பட்டாம்பூச்சியின் புழுவாம், இதன் முதுகின் பின்பக்கம் சுரக்கும் தித்திப்பு நீரைத்தான் எறும்புகள் குடிக்கின்றனவாம், பதிலுக்குக் குளவி அண்டாமல் காவல். அது சம்பளமா, இல்லை மிரட்டி வாங்கும் மாமூலா? அப்படியானால் அவள் விரட்டியது திருடனை அல்ல, திருடனின் வாட்ச்மேனை. இதன் அறிவியல் பெயரில் பாண்டவா என்று வேறு இருக்கிறது, எந்த வெள்ளைக்காரனுக்கு எந்தப் பாண்டவன் ஞாபகம் வந்தானோ...

மயிரிழை போல மெல்லிய ஒரு குளவி வந்து புழுவைத் தடவிப் பார்த்தது. நல்லதுதானே, புழுவுக்குள் முட்டையிட்டுவிட்டுப் போகட்டும், அதன் குஞ்சு தின்று புழு ஒழிந்தால் இலை மிஞ்சும், கொடுத்த வாக்கும் மிஞ்சும். அப்போதுதான் அந்தப் பட்டாம்பூச்சி வந்தது, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது, பறக்கும்போது நீலம், உட்கார்ந்து இறகை மூடியதும் வெறும் சாம்பல். பின்னிறகின் முனையில் ஒரு கறுப்புப் பொட்டு, மேலே ஆரஞ்சு, பக்கத்தில் நூல் போல ஒரு வால், அதையே தலை என்று நம்பிக் குருவி கொத்துமோ? இவ்வளவு நீலத்தை வைத்துக்கொண்டு எதற்கு உள்பக்கமாக மறைக்கிறது? தாரணி, ஆர் யூ தேர் என்றான் ரித்விக். அவள் குளவியைக் கையால் விசிறி விரட்டிக்கொண்டிருந்தாள். அடுத்து ஈரத்துணி கைக்கு வந்திருந்தது, எப்போது எடுத்தாள், கோடு பாதி அழிந்திருந்தது, மீதியையும் அழுத்தித் துடைத்தாள். சுவரோரம் வழி தெரியாமல் அலைந்த எறும்புகளில் ஒன்று தயங்கித் தயங்கித் தொட்டியில் ஏறியது. பைத்தியமா உனக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள், யாருடைய செடி, யாருடைய இலை?

காலிங்பெல். லவினா ஆன்ட்டி பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகப் பால்கனிக்கு நடந்தார், அங்கங்கே அரிக்கப்பட்டிருந்த இலையைப் பார்த்ததும் நடை நின்றது.

“புழு ஆன்ட்டி. எடுத்துப் போட்டிருக்கலாம். போடல.”

“ஏன்மா?”

பட்டாம்பூச்சி பார்க்க ஆசை என்றா சொல்வது, ஒரு பெரிய மனுஷியிடம்? ஆன்ட்டி குனிந்தார், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இலையை உற்றுப் பார்த்தார்.

“இந்த எறும்பு என்னத்துக்கு அதும் மேல ஏறுது?”

அந்தக் குரலில் இருந்தது கோபமா, காலையிலிருந்து தன்னை விடாமல் அரித்த அதே கேள்வியா... இலைப் பக்கம் நீண்ட விரல்கள் நசுக்கப் போகின்றனவா, திருப்பிப் பார்க்கப் போகின்றனவா, தாரணிக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான், அந்த விரல்களைப் பிடித்து நிறுத்தத் தன் கை பாதி தூரம் போயிருந்தது.