மூன்று பேர் எழுதிய பரீட்சை

கையெழுத்து நன்றாக இருப்பதைப் போல ஒரு தொல்லை வேறில்லை. எங்கள் பள்ளி அலுவலகத்தில் எது எழுத வேண்டுமென்றாலும் என் தலையில்தான் கட்டுவார்கள். அந்த வருஷம் இன்னொரு பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் பொதுத்தேர்வு எழுதுகிறாள், அவளால் பேனா பிடிக்க முடியாது, அவள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. முடியாது என்று சொல்ல வாய் இருந்தது, தைரியம் இல்லை. வீட்டுக்கு வந்து கணவர்மேல் எரிந்து விழுந்தேன். “உன்னையா பதில் சொல்லச் சொன்னாங்க? எழுதத்தானே சொன்னாங்க” என்று அவர் பாட்டுக்குப் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு ஒதுக்கியது விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கும் அறை. காற்றுப்போன பந்துகள் ஒரு மூலையில், கிழிந்த வலை இன்னொரு மூலையில். நடுவில் ஒரு மேசை. சக்கர நாற்காலி உள்ளே வருவதற்காகக் காலையில்தான் யாரோ பெருக்கியிருந்தார்கள். தூசி இன்னும் அடங்கவில்லை, எனக்குத் தும்மல் நிற்கவில்லை.

வாசலிலேயே அவளுடைய சிறப்பாசிரியை என்னைப் பிடித்துக்கொண்டார். ஒரு வருஷமாக அந்தப் பெண்ணுக்குக் கூடவே இருந்து சொல்லிக்கொடுப்பவர். முகத்தில் தூக்கமில்லை. “போன தடவை இந்த மொழிப் பாடத்துல கொஞ்ச மார்க்குல போயிடுச்சுங்க. இந்தத் தடவையும் போச்சுன்னா வீட்லயே இருக்கட்டும்னு அவங்கப்பா சொல்லிட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது. தினமும் வண்டி வாடகையை விட்டுட்டு, இவளைத் தூக்கிட்டு வந்து விடுறாரு. எத்தனை நாளைக்குத்தான் செய்வாரு?”

கேட்டுக்கு வெளியே ஒரு சரக்கு வண்டிமேல் சாய்ந்து நின்றிருந்த மனிதர்தான் அந்த அப்பா. பரீட்சை தனக்கு என்பதுபோல நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அறையைக் கண்காணிக்க வந்தவருக்குப் பெரிய மீசை. விதிகளைக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னார். “பொண்ணு பேசுறது நமக்கெல்லாம் புரியாது. டீச்சருக்குப் புரியும். அதனால பொண்ணு சொல்லணும், டீச்சர் அதை அப்படியே திரும்பச் சொல்லணும், நீங்க அதை எழுதணும். ஒரு வார்த்தை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பொண்ணு அடிக்கச் சொன்னா அடிங்க. எழுதி முடிச்சதைப் படிச்சுக் காட்டுங்க. இதுல ஏதாச்சும் தப்பு நடந்தா நான் மேல எழுதியாகணும். அப்புறம் பேப்பரையே நிறுத்தி வெச்சிருவாங்க.”

“சரி, இல்லைன்னு பொண்ணு தலையை ஆட்டினா போதாதா?” என்று கேட்டேன்.

“அவ தலை அவ பேச்சைக் கேக்காதுங்க” என்றார் டீச்சர். உண்மைதான். கழுத்து தானாக ஒருபக்கம் இழுத்துக்கொண்டு போகும், தானாகத் திரும்பி வரும். கண் மட்டும் கேள்வித்தாளை விட்டு நகரவில்லை.

ஆரம்பத்தில் எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. தொண்டைக்குள்ளிருந்து ஒவ்வொரு எழுத்தாக இழுத்துக்கொண்டு வந்தாள். டீச்சர் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவார். எப்படித்தான் புரிகிறதோ என்று அசந்துபோனேன். பெற்ற தாய்க்குக்கூட இவ்வளவு புரியுமா என்று நினைத்தேன். என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

ஆனால் காது பழகும் அல்லவா? பாதி வினாத்தாள் முடிவதற்குள் எனக்கும் அங்கங்கே பிடிபட ஆரம்பித்தது. அப்போதுதான் ஒன்று உறுத்தியது. அந்தப் பெண் அரை வார்த்தை சொன்னால் டீச்சரிடமிருந்து ஒன்றரை வரி வந்தது. அவள் மூச்சு வாங்குவதற்குள் இவர் முற்றுப்புள்ளி வைத்துவிடுவார். மனசறிந்து செய்த மாதிரி தெரியவில்லை. நேரம் போகிறதே, பிள்ளை களைக்கிறதே என்று ஒரு வருஷமாக முடித்துக்கொடுத்துப் பழகிய வாய். சொல்லிக்கொடுத்த பதில்கள்தானே, அவள் சொல்ல வந்ததும் அதுவாகத்தான் இருக்கும் என்று நானும் எழுதிக்கொண்டே போனேன். மீசைக்காரர் ஜன்னலோரம் நின்று மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கட்டுரை. மதிப்பெண்ணும் அதற்குத்தான் அதிகம். ‘உங்கள் பள்ளியில் மாற வேண்டிய ஒன்று.’ டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. தயார்செய்த கட்டுரை என்று எனக்கே தெரிந்தது.

“க... ழி... ப்...” என்று ஆரம்பித்தாள் பெண்.

“தலைப்பு, எங்கள் பள்ளி நூலகம்” என்றார் டீச்சர்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. “எழுதுங்க” என்றார். எழுதினேன். நூலகம் அறிவுக் கண்ணைத் திறக்கும் என்று தொடங்கி, புத்தகங்கள் போதவில்லை, நாற்காலிகள் போதவில்லை என்று கடகடவென்று போயிற்று. பெண் இடையில் என்னென்னவோ சொல்லிக்கொண்டேயிருந்தாள். அவள் சொன்னதில் நூலகம் ஒருமுறைகூட வரவில்லை. அவளுடைய கால் நாற்காலிப் படியில் அடித்துக்கொண்டது. அதுவும் தானாக ஆடுவதுதான் போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவளுக்கென்று கொடுத்த கூடுதல் நேரத்தில் இன்னும் கொஞ்சம்தான் மிச்சம். விதிப்படி கட்டுரையைப் படித்துக் காட்டினேன். முடித்ததும் அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“இல்ல.”

உடைந்துபோன குரல்தான், ஆனால் தெளிவாகச் சொன்னாள்.

“சரின்னு சொல்றா” என்றார் டீச்சர்.

மீசைக்காரர் திரும்பிப் பார்த்தார். டீச்சர் பொய் சொல்கிறார் என்று நான் வாயைத் திறந்தால் அவர் மேலே எழுதுவார், பேப்பர் நின்றுபோகும், வெளியே நிற்கும் அப்பா பெண்ணை ஒரேயடியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். திறக்காவிட்டால் அந்தப் பெண் ‘இல்ல’ என்று சொன்னது என்னோடு போகும். யாரைக் காப்பாற்றுவது? சபிக்கக்கூட ஆள் கிடைக்காமல் என் கையெழுத்தைச் சபித்தேன்.

பிறகு பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணிடமே கேட்டேன். “விதிப்படி கேக்கிறேம்மா. இதை வெச்சுக்கவா, அடிக்கவா?”

“அ... டி... ங்க.”

டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை. “கண்ணு, நேரமில்லடா. இது இருந்தா பாஸ் ஆயிடலாம்டா. தயவுசெஞ்சு...”

“டீச்சர், நீங்களா பேசக் கூடாது” என்றார் மீசைக்காரர். “பொண்ணு என்ன சொல்லுது, அதை மட்டும் சொல்லுங்க.”

பெண் மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை கத்தினாள். எச்சில் மோவாயில் வழிந்தது.

டீச்சர் புடவைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டார். “அடிக்கச் சொல்றா” என்றார்.

அடித்தேன். பக்கம் முழுவதற்கும் குறுக்கே ஒரு கோடு. பாஸ் ஆகக்கூடிய ஒரு பிள்ளையின் பரீட்சையை என் கையாலேயே அடிக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் அவள் சொல்லத் தொடங்கினாள். எழுத்தெழுத்தாக. டீச்சர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு, வார்த்தை முழுசாக முடிகிறவரைக்கும் காத்திருந்து சொன்னார். ஒருமுறை அவசரத்தில் ஒரு சொல் கூட வந்துவிட்டது. “அது நான் சொன்னது, எழுதாதீங்க” என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். மீசைக்காரர் மணியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடியும் மணியைப் பார்த்தார். சீக்கிரம் சொல்லு தாயே என்று நான் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். சீக்கிரம் சொல்ல முடிந்திருந்தால் நாங்கள் மூன்று பேர் எதற்கு?

இவ்வளவுதான் எழுத முடிந்தது: ‘எங்கள் பள்ளியில் கழிப்பறை மாற வேண்டும். என் நாற்காலி கதவு வரைக்கும் போகும். உள்ளே போகாது. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. இரண்டு தடவை விழுந்தேன். அதனால் பள்ளிக்கூடத்தில் நான் தண்ணீர்’

மணி அடித்துவிட்டது.

“பேனாவை வைங்க” என்றார் மீசைக்காரர்.

“சார், ஒரே ஒரு வார்த்தை சார். அவ சொல்லிக்கிட்டிருக்கா, பாருங்க. வாயிலதான் இருக்கு.” என் வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. முடிவு என்னவென்று எனக்குத் தெரியும், டீச்சருக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அம்மா, என்னை வம்புல மாட்டிவிடாதீங்க” என்று தாளை என் கைக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டார். அவர் அதை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டிருக்கும்போதே பெண் அந்த வாக்கியத்தை முடித்தாள்.

“கு... டி... க்... க... மா... ட்டேன்.”

அவர் உறையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

டீச்சர் நாற்காலி பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். புடவையெல்லாம் தூசி. காலையிலிருந்து சாயங்காலம்வரைக்கும், ஒரு வருஷம் முழுக்க, அந்தப் பெண்ணோடு இருந்தவர். அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

“ஒரு வருஷமா ஏன்டா கண்ணு எங்கிட்ட சொல்லவே இல்ல?”

பெண்ணின் கழுத்து ஒருபக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. அது திரும்பி வருகிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம்.

“சொன்னேன்” என்றாள்.