உள்ளங்காலைப் பார்க்க ஓர் ஆள்

"காலைக் காட்டு புள்ள. பாத்துட்டுத்தான் ஜீப்புல ஏறுவேன்" என்றாள் ராக்கம்மா.

ஜெஸிந்தா இரண்டு கால்களையும் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

தேயிலை விலை விழுந்து, கீழ் கோத்தகிரிச் சரிவில் இருந்த அந்த எஸ்டேட் ஃபேக்டரியைப் பூட்டிய பிறகு, தொழிலாளர் குடியிருந்த லயத்து லைன் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிவிட்டன. எஞ்சியவை இந்த இரண்டுதான். ஒன்றில் ராக்கம்மா, இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள், பனி இறங்கினால் இளைப்பு வந்து விடியவிடிய உட்கார்ந்தே இருப்பவள். அடுத்ததில் ஜெஸிந்தா, எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் ஆயாவாக இருந்தவள். அவளுக்குச் சர்க்கரை, கூடவே பிரஷர். சர்க்கரை கண்ணையும் பிடித்துவிட்டதால் எதிரில் நிற்பவர் முகமே கலங்கலாகத்தான் தெரியும். பாதங்கள் மரத்துப்போய் வெகுகாலம் ஆகிறது.

போன குளிரில் கனல் போட்ட கரிச்சட்டியின் பக்கம் கால் நீட்டி உட்கார்ந்தவளுக்குச் சுட்டதே தெரியவில்லை. வாசம் பிடித்து வந்தவள் ராக்கம்மாதான். வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டேன் என்று பீத்திக்கொள்ளும் மாதாகோயில் வேதக்காரி இன்றைக்கு என்ன வறுக்கிறாள் என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவள், காலைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். அந்தப் புண் ஆறுவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. கோத்தகிரி டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: தினமும் ஒருத்தர் உள்ளங்காலைப் பார்க்கவேண்டும், சின்னப் புண் என்றாலும் ஓடி வரவேண்டும், விட்டு ஓரம் கறுத்தால் காலையே எடுக்க வேண்டிவரும்.

அன்று முதல் சாயங்காலமானால் ஜெஸிந்தாவின் கால் ராக்கம்மாவின் மடியில். வயதில் மூத்தவளை நோக்கிக் கால் நீட்டுவதா என்று அவள் கூசினாள். எத்தனை பிள்ளைகள் மூத்திரம் பெய்த மடி, உன் கால் என்ன பெரிய கால் என்று ராக்கம்மா இழுத்து வைத்துக்கொண்டாள்.

இன்று காலையில் ஜெஸிந்தா சாக்ஸைக் கழற்றியபோது அது பிசுபிசுவென்று ஈரமாக இருந்தது. விரலால் தடவினாள். தோல் வழுக்கியது. அதையே திரும்பப் போட்டு, மேலே இன்னொரு சாக்ஸை மாட்டிக்கொண்டாள்.

"புண்ணு கிண்ணு இருந்தா நான் போகல. இவன்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள் ராக்கம்மா.

திருப்பூரிலிருந்து அழைத்துப்போக வந்திருந்த மகன் செல்லதுரை, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றான். ராத்திரி முழுக்க அம்மா மூச்சுக்குத் தவித்ததை அவனும் கேட்டிருப்பான். சுவருக்கு இந்தப் பக்கம் ஜெஸிந்தாவும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

"காலையில நர்ஸம்மா வந்து பாத்துட்டாங்கக்கா. சுத்தமா இருக்குன்னாங்க."

"எந்த நர்ஸு? எனக்குத் தெரியாம?"

"நீங்க உள்ள மூட்டை கட்டிட்டு இருந்தீங்க."

"இந்த லயத்துல இனி ஒத்தையா கெடப்ப. ஒன் காலை யாரு பாப்பா?"

"அவங்கதான். அடிக்கடி வருவாங்களாம்."

ராக்கம்மா கிட்டே வந்தாள். நம்பினாளா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஜெஸிந்தாவால் முடியவில்லை. கடைசியில் ஒரு சொரசொரத்த கை அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனது. ஜீப் வளைவு தாண்டும் வரை சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

வெகுநேரம் கழித்து, பொழுது சாயும்போது கம்பை ஊன்றிக்கொண்டு ஃபேக்டரி கேட்டுக்குப் போனாள். பூட்டிய மெஷின்களைக் காக்க வெளியூர் கம்பெனி ஒன்று போட்டிருந்த வாட்ச்மேன் பழனியாண்டி அங்கே இருந்தார். அவரோடு அவள் அதுவரை பேசியதில்லை. கல்லில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றியதும் அவர் பின்வாங்கினார்.

"ஏனுங்கம்மா, என்ன பண்றீங்க?"

"எனக்குக் கண்ணு தெரியாதுங்க. காலுக்கு அடியில என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. கை வைக்க வேண்டாம், பாத்தாப் போதும்."

மூடுபனியில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவர் குந்தினார்.

"கொப்புளம் ஒடஞ்சிருக்குதுங்க. நாலணாக் காசு அகலம்."

"ஓரம் எப்படி? கறுப்பா, செவப்பா?"

"செவப்புத்தானுங்க."

"நல்லாப் பாருங்க."

"செவப்புங்க. கறுப்பு எங்கியும் இல்லீங்க."

அவளுக்கு மூச்சு வந்தது. காலையில் வரும் பஸ்ஸில் கோத்தகிரிக்குப் போய்க் கட்டுப்போட்டு வந்துவிடலாம். ஆனால் அது ஆறும் வரை தினமும் யாராவது பார்க்கவேண்டுமே. சாயங்காலம் சாயங்காலம் இப்படி வந்தால் பார்த்துச் சொல்வாரா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

பழனியாண்டி டார்ச்சை அணைத்தார். அவருக்கு நாளையிலிருந்து குன்னூர்ப் பக்கம் டியூட்டியாம். கம்பெனியில் ஆளை மாற்றிக்கொண்டே இருப்பார்களாம். இங்கே வேறு ஒருத்தர் வருவாராம், பெயர்கூட அவருக்குத் தெரியாதாம்.

ஜெஸிந்தா தடவித் தடவிச் சாக்ஸை மாட்டிக்கொண்டாள்.

"அவருக்குப் பார்வை நல்லாருக்குங்களா?" என்று கேட்டாள்.