வெந்நீர் காணாத புழுக்கள்

மலர்விழி என்ன வேலை பார்க்கிறாள் என்று செந்தூலில் யாராவது கேட்டால், அவள் அம்மா சீதாலெட்சுமி "மெடிக்கல் லேப்" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று பேச்சை மாற்றிவிடுவாள். மகள் நாள் முழுக்க ஈப்புழுக்களை அளந்துகொண்டிருக்கிறாள் என்று தெரிந்தால் எந்த மாப்பிள்ளை வீட்டார் படியேறுவார்கள்? மலர்விழிக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. மனிதர்கள் ஆயிரம் சொல்வார்கள், புழு பொய் சொல்லாது என்பது அவள் கட்சி. ஈ முட்டையிட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைப் புழுவின் வளர்ச்சி காட்டிக்கொடுத்துவிடும். போலீஸ்காரர்கள் அதற்காகத்தான் அந்த ஆய்வகத்தைத் தேடி வருகிறார்கள்.

வழக்கமாக வருபவை பிணத்தில் எடுத்த புழுக்கள். அந்தப் புதன்கிழமை வந்த போத்தல் வேறு மாதிரி. கிள்ளானில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் சபாபதி என்ற பெரியவரின் கால் புண்ணிலிருந்து எடுத்தவை அவை. அவரைக் கவனித்துக்கொள்ளும் சுமையா தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவள். மூன்று நாள் லீவில் பூச்சோங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு ஞாயிறு காலை பத்து மணிக்குத் திரும்பியிருக்கிறாள். திங்கள் மாலை புண்ணின் கட்டைப் பிரித்தபோது உள்ளே புழு நெளிந்தது. பதறி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் அவள்தான். ஆனால் பெரியவரின் மகன் தனேஷ், தான் பார்த்துக்கொண்ட மூன்று நாளும் புண் சுத்தமாக இருந்தது, இவள் வந்துதான் கவனிக்காமல் விட்டுவிட்டாள் என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டான்.

ஆக, கேள்வி ஒன்றே ஒன்று. ஈ முட்டையிட்டது ஞாயிறு பத்து மணிக்கு முன்பா, பின்பா?

மலர்விழி இருபது புழுக்களை எடுத்து அளந்தாள். ஏழு மில்லிமீட்டர், ஏழரை, மறுபடியும் ஏழு. அந்த நீளத்துக்கு வயது ஒன்றரை நாளுக்கு மேல் போகாது. மருத்துவமனையில் புழுக்களை எடுத்தது திங்கள் இரவு பத்து மணிக்கு. அதாவது ஈ முட்டையிட்டது சுமையா வந்த பிறகு. அவசரப்பட்டுப் போன் செய்த இன்ஸ்பெக்டர் குருவிடம், "ரிப்போர்ட் இன்னும் எழுதல சார். ஆனா ஒன்றரை நாள்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். அன்று மாலையே சுமையாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்!

வியாழன் காலை, எந்த வகை ஈ என்று உறுதி செய்ய ஒரு புழுவின் வால் முனையை நுண்ணோக்கியில் வைத்தாள். புழு மூச்சு விடுவது பின்பக்கத்தால். அங்கே உள்ள மூச்சுத் துளைகளில் சின்னச் சின்னக் கீறல்கள் இருக்கும். வளர வளர எண்ணிக்கை கூடும். ஒன்றரை நாள் புழு என்றால் இரண்டு கீறல். இதில் மூன்று இருந்தது. வேறொன்றை வைத்தாள், மூன்று. ஐந்தாவது புழுவிலும் மூன்றுதான். மூன்றாவது கீறல் வர, முட்டையிட்டு இரண்டு நாளாவது ஆகியிருக்க வேண்டும். சுமையா அப்போது பூச்சோங்கில் இருந்தாள்.

பிறகு ஏன் இவ்வளவு குட்டை? போத்தலோடு வந்த படிவத்தை இழுத்துப் பார்த்தாள். 'வெந்நீரில் கொல்லப்பட்டதா' என்ற கட்டம் காலியாகக் கிடந்தது. புழுவைக் கொதிநீரில் போட்டுக் கொன்றால்தான் உடம்பு நீண்டு நிற்கும், அளக்கலாம். அவள் ஆய்வகத்தில் காப்பிக்கு வெந்நீர் வைக்க மறந்தாலும் மறப்பார்கள், புழுவுக்கு மறக்க மாட்டார்கள். ஊர் உலகமெல்லாம் அப்படித்தான் செய்யும் என்று நினைத்ததால், காலிக் கட்டம் அவள் கண்ணிலேயே படவில்லை.

மருத்துவமனைக்குப் போன் போட்டாள். புழுவை எடுத்த தாதி புனிதா கூச்சமில்லாமல் சொன்னாள்: "வெந்நீரா? அதெல்லாம் தெரியாது லா அக்கா. நெளிஞ்சிச்சு, ஒரே அருவருப்பு. அப்படியே உயிரோட பார்மலின் மருந்துல போட்டு மூடிட்டேன்."

மலர்விழி ஆய்வகத்தில் வளர்த்த அதே வயதுப் புழுக்களை இரண்டு பங்காகப் பிரித்தாள். ஒரு பங்கு வெந்நீருக்கு, ஒரு பங்கு நேராகப் பார்மலினுக்கு. வெந்நீரில் போனவை பதின்மூன்று மில்லிமீட்டர் நின்றன. பார்மலினில் போனவை சுருண்டு சுருங்கி ஏழு, எட்டு. அதைப் பார்த்ததும் சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்தன அவளுக்கு. புழு பொய் சொல்லவில்லை. இவள்தான் சரியாகக் கேட்கவில்லை.

ஆய்வகத் தலைவர் ரவிசங்கர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "முதல்ல சொன்னது தப்புன்னு எழுதணுமாம்மா? சரியான நம்பரை மட்டும் போட்டா போதாதா? நாளைக்கு ஒவ்வொரு கேஸ்லயும் லாயருங்க இதையே எடுத்து உன்னைக் கிழிப்பாங்க."

"கிழிக்கட்டும் சார். நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையாலதான் அவங்க உள்ள இருக்காங்க." தவறு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். ரிப்போர்ட்டைக் காட்டியதும் தனேஷ் உடைந்துபோனானாம். மூன்று நாளும் அவன் கட்டைப் பிரிக்கவே இல்லை. அப்பாவின் காலைப் பார்க்கப் பயம். அதைச் சொல்ல வெட்கம். டாக்டர் சொன்னது இன்னும் வேடிக்கை. புழுக்கள் தின்றது அழுகிய சதையை மட்டும்தானாம், காலை வெட்ட வேண்டியிருக்காதாம்.

"சுமையா ஊருக்குப் போறாங்களா சார்?" மலர்விழிக்குக் கேட்கவே தயக்கமாக இருந்தது. இரண்டு ராத்திரி லாக்கப்பில் இருந்தவள் இந்த ஊரில் இன்னும் எதற்காக இருக்க வேண்டும்?

"நானும் அப்படித்தான் நெனச்சேன். பாஸ்போர்ட்டைக் குடுத்து, எங்க கொண்டு விடணும்னு கேட்டேன். நேரா ஆஸ்பத்திரிக்குன்னாங்க. அங்க தனேஷ் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னான். நான் சண்டை வரும்னு பக்கத்துலயே நின்னேன் மலர். அவங்க கையைக் கழுவிட்டு வந்து கட்டைப் பிரிக்க ஆரம்பிச்சாங்க. அவனைக் கூப்பிட்டு, 'தம்பி, அப்பா காலைப் பிடிச்சுக்கங்க. கண்ணை மூடாதீங்க, ஒண்ணும் இல்ல, நான் இருக்கேன்'னாங்க."