மெக்கர்டி வயலில் மூன்று நாள்

எங்கள் ராத்லின் தீவில் எத்னா மெக்கர்டியின் வயல்வேலைதான் இப்போதெல்லாம் முதலில் முடியும். ஐம்பத்திரண்டு வயது, ஒண்டிக்கட்டை, நான்கு பசுக்கள். எப்படி முடிகிறது என்று யாரும் கேட்டதில்லை. அவளிடம் ஒரு குரோகாக், வயல்வேலை செய்யும் குட்டிப் பூதம், இருப்பது ஊருக்கே தெரியும்.

இரண்டு வருடம் முன்பு ஒருநாள் காலையில் அவள் கதவைத் திறந்தபோது உருளைக்கிழங்கு முழுவதும் தோண்டிக் குவிக்கப்பட்டிருந்தது. குவியலின் மேல் குழந்தை உயரத்தில் ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தான். உடம்பெல்லாம் செம்பட்டை மயிர், மயிரெல்லாம் வைக்கோல். துணி என்று ஒரு நூல் கிடையாது. அன்றிலிருந்து அது அங்கேயே இருந்தது. தனக்குப் பிடித்தவர் கண்ணுக்கு மட்டும் தென்படும். கூலி, தினம் ஒரு குவளை பாலாடை. சாமியார்களை மட்டும் அதற்கு ஆகாது. பக்கத்து வீட்டு டெர்மட்டின் அத்தை வீட்டில் இருந்த குரோகாக், வீட்டை மந்திரிக்க ஒரு சாமியார் வந்த அன்றே போய்விட்டது, திரும்பவே இல்லை.

அது வந்த மறுவருடம் ஜூலையில் மூன்று வாரம் அடைமழை. ஒருவழியாக வெயில் வந்து புல்லை அறுத்துப் போட்ட நேரத்தில் எத்னாவுக்குத் தம்பியின் கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமைப் படகில் வருகிறானாம். தம்பி மலாக்கி பெல்ஃபாஸ்ட் நகரத்தில் பங்குச் சாமியார்.

படகு வந்தபோது எத்னா ஒரு மூட்டையுடன் துறையில் நின்றாள். கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாக மலாக்கி இறங்கினான்.

"டேய், அந்தப் படகுக் கொட்டகைக்குள்ள போயி இதை மாத்திட்டு வா."

மலாக்கி மூட்டையைப் பிரித்தான். "அப்பாவோட சட்டை. ஏன்க்கா, சாமியார் தம்பின்னு சொல்ல வெக்கமா இருக்கா?"

"உன்னை இப்படிப் பாத்தான்னா அவன் ஓடிருவான். புல்லு அப்படியே வயல்ல கிடக்கு. நீயா வந்து வாருவ?"

"யாரு ஓடிருவான்?"

அவள் சொன்னாள். மலாக்கி சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆனாலும் கொட்டகைக்குள் போனான். பெல்ஃபாஸ்டில் பதினோரு வருடமாக அவன் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவனை 'டேய்' என்று கூப்பிட அங்கே ஆளில்லை.

புதன்கிழமை காலை மலாக்கி புல்லை வாரிக்கொண்டிருந்தபோது முதுகில் ஒரு மண்கட்டி வந்து விழுந்தது. திரும்பினான். இடுப்பில் கைவைத்துக்கொண்டு குரோகாக் நின்றது.

"யாரு இந்தத் தடியன்?" என்று எத்னாவிடம் கேட்டது. "புல்லை வாருறானா, தடவிக் குடுக்குறானா?"

"என் தம்பி. டவுன்ல இருக்கான்."

"டவுன்ல என்ன வேலை?"

எத்னா குனிந்து புல்லை வாரத் தொடங்கினாள். மலாக்கிக்குப் பொய் சொல்ல வராது. "பேசுற வேலை" என்றான்.

"அதான் கை வெண்ணெய் மாதிரி இருக்கு. கோலைக் கீழ பிடி. இன்னும் கீழ."

அன்று முழுக்க மலாக்கி திட்டு வாங்கினான். வியாழனும் வாங்கினான். கை கொப்புளித்தது. சாயங்காலம் மூவரும் சேர்ந்து காய்ந்த புல்லைக் குவித்துப் போர் போடும்போது அவன் விசிலடித்தான். குரோகாக் ராகம் தப்பு என்று அதற்கும் திட்டியது.

வெள்ளி மதியம், கடைசிப் போர் பாதி ஏறியிருந்தது. பக்கத்து வீட்டு டெர்மட் சுவரேறிக் குதித்து ஓடிவந்தான்.

"ஃபாதர் மலாக்கி, அம்மாவுக்கு மூச்சு இழுக்குது. சீக்கிரம் வாங்க."

குரோகாக்கின் மயிர் சிலிர்த்து நின்றது. கையிலிருந்த கவைக்கோல் கீழே விழுந்தது. மலாக்கி அதன் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஆனால் நிற்க நேரமில்லை.

"அக்கா, என் பை எங்க?"

"படுக்கைக்கு அடியில. ஓடு."

அவன் திரும்பி வந்தபோது எத்னா மட்டும் போர் மேல் நின்றுகொண்டிருந்தாள். டெர்மட்டின் அம்மா பிழைத்துவிட்டாள். சாகிறவர்களுக்குப் பூசும் தைலத்தை மலாக்கி பூசி முடித்ததுமே சூப்புக் கேட்டாளாம்.

"போயிட்டானா?" என்றான் மலாக்கி.

"போயிட்டான்."

"என்னாலதான்."

"பின்ன, அந்தம்மாவைப் பாக்கப் போகாம இருந்திருப்பியா? கோலை எடு. கீழ பிடி."

ஞாயிற்றுக்கிழமை அவன் கிளம்பினான். அதற்குப் பிறகு பதினோரு நாள் எத்னா பாலாடையைக் கொல்லைப்படியில் வைத்தாள். அது தினமும் புளித்துப் பன்றிக்குப் போயிற்று.

பன்னிரண்டாம் நாள் காலையில் வயலில் முணுமுணுப்புக் கேட்டது. கடைசிப் போரின் மேல் உட்கார்ந்து குரோகாக் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கித் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தது.

"உன் தம்பி போட்ட பக்கம் சாயுது" என்றது. "மழை வந்தா மொத்தமும் அழுகிரும்."

எத்னா மெதுவாக ஏணியைச் சாய்த்து வைத்தாள். "கோவமா?"

"மூணு நாள் சாமியார் பக்கத்துல நின்னிருக்கேன். முதுகு தாங்கல, கண்ணு எரியுதுன்னு அங்க மலையில போயிப் படுத்துக் கிடந்தேன். அப்புறம் யோசிச்சா, அவன் யாருன்னு தெரியறதுக்கு முந்தி ஒண்ணும் எரியல."

"அப்போ?"

"அப்போ என்ன. அவன் வீட்டுக்குள்ள படுக்கக்கூடாது. அந்த வெள்ளைப் பட்டையை நான் பாக்கக்கூடாது. வயலுக்கு வரட்டும்." ஒரு பிடி புல்லை வீசி எறிந்தது. "ஆனா போர் போட மட்டும் விட்டுறாத, தாயே."

அடுத்த ஜூலையில் மலாக்கி டெர்மட் வீட்டில் தங்கினான். டெர்மட்டின் அம்மா அவனுக்கு மூன்று வேளையும் சூப்புக் கொடுத்தாள். பகலெல்லாம் அவன் புல் வாரினான். போர்ப்பக்கம் போகவே இல்லை.