ஒரே ஒரு கறுப்புக் கட்டை

மூன்றாவது வரியில் அப்பா மறுபடியும் நின்றுவிட்டார். வலது கை மடியில் கிடந்தபடியே கிடக்க, இடது கையால் நாற்காலியின் கைப்பிடியை இரண்டு முறை தட்டினார். பிறகு பயிற்சியாளரை ஒரு முறை முறைத்தார்.

"பரவாயில்ல ஐயா, முதல்ல இருந்து போலாம்," என்றாள் பயிற்சியாளர். அவளுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. நோட்டுப் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டாள். எதிரே இருந்த மகளால் அதைத் தலைகீழாகவே படிக்க முடிந்தது: 'மூன்றாம் வரியில் தடை. ஒன்பதாவது முறை.'

சுவரோரம் மருந்துச் சீட்டுகளும் தண்ணீர் பாட்டிலும் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவள். வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான். நாற்பத்திரண்டு வயதாகியும் அது மாறவில்லை. வழக்கமாக அப்பாவை இங்கே அழைத்து வருவது அண்ணி. இன்றைக்கு அண்ணிக்குக் காய்ச்சல் என்பதால் சின்னவள் முதல்முறையாக வந்திருந்தாள்.

எட்டு வாரத்துக்கு முன்னால் அப்பாவின் மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் உறைந்து, வலது கையும் காலும் பேச்சும் ஒன்றாகப் போயின. முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர். ஆறாவது மாடியில் நின்று கீழே இருப்பவனைத் திட்டினால் அடித்தளம் வரை கேட்கும். அவருக்குத் தண்ணீர் கேட்கக்கூட வாய் வரவில்லை. ஆனால் பயிற்சியாளர் இரண்டாம் நாள் சும்மா ஒரு பாட்டை முணுமுணுத்தபோது, கூடவே வார்த்தையோடு பாடிவிட்டார். பேச்சு போனாலும் பாட்டு போவதில்லை, அது தலைக்குள் வேறு இடத்தில் இருக்கிறது என்று அவள் விளக்கினாள். அண்ணன் அதைக் கைபேசியில் பிடித்து, பத்து வருஷமாகப் பேசாத உறவுக்காரர்களுக்குக்கூட அனுப்பிவைத்தான்.

பாட்டைப் பிடித்துக்கொண்டே பேச்சை மீட்பதுதான் திட்டம். முதலில் முழுப் பாட்டு, பிறகு மெதுவாக, பிறகு ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வெறும் வார்த்தை. அதற்கு முதலில் பாட்டு முடிய வேண்டும். அப்பாவோ மூன்றாவது வரியைத் தாண்டவே மாட்டேன் என்றார்.

பாட்டு எல்லோருக்கும் தெரிந்த வழியனுப்பும் பாட்டுதான். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கடைசி நாளில் பாடுவார்கள், வேலையை விட்டுப் போகிறவர்களுக்குப் பாடுவார்கள்.

*தெருமுனை வரைக்கும் நான் வருவேன்,*
*சுமையில் பாதி நான் தருவேன்,*
*திரும்பிப் பார்க்கச் சொல்ல மாட்டேன்...*

பயிற்சியாளர் சின்ன மின்விசைப்பலகையில் மறுபடி வாசித்தாள். 'மாட்டேன்' வந்ததும் சின்னவளின் முதுகு தானாக நிமிர்ந்தது. எழுந்து போய் விசைப்பலகையின் மேல் சாய்த்து வைத்திருந்த தாளைப் பார்த்தாள். தாளின் அடியில் பொடி எழுத்தில் 'எளிய விரல்கள்' என்று போட்டிருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எளிய விரல்கள் அவள்தான்.

எட்டு வருஷமாக அவள் செய்வது அந்த வேலைதான். பெரிய இசைத்தாள் தளம் ஒன்றில் அவளுக்கென்று ஒரு பக்கம் உண்டு. சினிமாப் பாட்டு, தாலாட்டு, பழைய பாட்டு என்று முந்நூற்றுச் சொச்சம் பாட்டுகளை, பியானோ பழகுகிறவர்கள் வாசிக்கும்படி எழுதிப் போட்டிருந்தாள். யார் வேண்டுமானாலும் இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பாட்டுக்கும் முழு வடிவம் ஒன்று, எளிய வடிவம் ஒன்று. வழியனுப்பும் பாட்டை அப்பா பாடக் கேட்டுத்தான் எழுதினாள். 'மாட்டேன்' என்ற இடத்தில் அவர் குரல் அரைப்படி கீழே இறங்கும். சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிக்கொண்ட மாதிரி இருக்கும். மொத்தப் பாட்டுக்கும் உயிர் அங்கேதான் என்று முதல்நாளே அவளுக்குத் தெரியும்.

எளிய வடிவத்தில் எல்லாமே வெள்ளைக் கட்டையில் அமைந்துவிட்டது. அந்த ஒரு இடத்துக்கு மட்டும் ஒரே ஒரு கறுப்புக் கட்டை வேண்டியிருந்தது. போட்ட மறுநாளே கீழே கருத்துகள் வர ஆரம்பித்தன. 'எட்டு வயதுப் பிள்ளை அந்த இடம் வந்தால் அழுகிறது, கறுப்பு இல்லாமல் போட முடியாதா?' என்று ஒரு தாய். 'அந்த ஒன்று மட்டும் இல்லையென்றால் ஐந்து நட்சத்திரம்,' என்று இன்னொருவர். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். நான்காம் நாள் கணினியில் அந்தச் சுரத்தைப் பிடித்து அரைப்படி மேலே ஏற்றி வெள்ளையில் உட்காரவைத்துவிட்டாள்.

அப்போது அப்பாவுக்கு அதை வாசித்துக் காட்டினாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா லிஃப்ட் தரைக்கு ஒரு விரல் மேல நிக்குது பாரு. இறங்குறவன் கால் இடறும்."

"இறங்கப்போறது சின்னப் பசங்கப்பா. குதிச்சுக்குவாங்க."

அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள். அந்த எளிய வடிவத்தை இதுவரை நாலு லட்சம் பேர் இறக்கியிருந்தார்கள்.

"இந்த இடத்துல ஒரு நோட் தப்புங்க," என்றாள் சின்னவள், பயிற்சியாளரிடம்.

"தப்பா இருக்காதுங்க, இது நல்ல தளம். நாங்க காலேஜ்ல பாடினதும் இதைப் பார்த்துத்தான்."

"அது நான் எழுதினதுதான்."

பயிற்சியாளர் தாளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். வேடிக்கை பேசுகிறாளோ என்று சிரிக்கப் போனவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். சின்னவள் குனிந்து, அந்த வரியைத் தானே வாசித்து, கறுப்புக் கட்டையை அழுத்தினாள். அப்பா சட்டென்று நிமிர்ந்தார். பாட்டு தட்டாமல் தடுக்காமல் கடைசி வரி வரை போய் முடிந்தது. முடித்துவிட்டு அவர் மகளைப் பார்த்த பார்வையில், 'இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்' என்பது தெளிவாக இருந்தது.

அன்று மாலை அண்ணி காய்ச்சலோடு எழுந்து வந்து கேட்டாள். "அப்போ மாமா மேல தப்பே இல்லையா? நான் வேற தினமும் அந்த இடத்துல முதுகுல தட்டிக் கொடுத்துட்டு இருந்தேனே!"

ஆனால் தனிப் பயிற்சி அந்த வாரத்தோடு சரி. எட்டு வாரத்துக்கு மேல் குழுப் பயிற்சிதான் என்பது மருத்துவமனையின் விதி. தனிப் பயிற்சியை நீட்டிக்கக் கேட்டு, சின்னவள் கீழே முகப்பு மேசையில் போய் நின்றாள். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஒரு படிவம் கொடுத்தார். காரணம் என்ற கட்டத்தில் 'ஒரு சுரம் தவறாக உள்ளது' என்று எழுதிவிட்டு, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். படிவத்துக்குப் பதில் வரவே இல்லை.

குழுவில் அப்பாவோடு சேர்த்து ஆறு பேர். ரொட்டிக் கடைக்காரர், பேருந்து ஓட்டுநர், தபால் நிலையத்தில் வேலை பார்த்த அம்மா, அப்புறம் இரண்டு பேர். வட்டமாக நாற்காலி போட்டுப் பாடினார்கள். மற்ற ஐந்து பேரும் 'மாட்டேன்' வந்ததும் ஒரே மாதிரி மேலே ஏறினார்கள். பேரப்பிள்ளைகள் வீட்டில் வாசித்து வாசித்து, எல்லோர் காதிலும் அதுதான் பதிந்திருந்தது. அப்பா மட்டும் கீழே இறங்கப் பார்த்தார். ஐந்து குரலுக்கு நடுவில் சிக்கிக்கொண்டு நின்றுபோனார். கைப்பிடியைத் தட்டினார்.

"பாவம், அந்த ஐயாவுக்கு அந்த எடத்துல மட்டும் சுருதி சேரல," என்றாள் ஓட்டுநரின் மனைவி, பக்கத்தில் இருந்தவளிடம். சின்னவளுக்கு வாய்வரை வந்தது. எதைச் சொல்வது, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விழுங்கிக்கொண்டாள்.

அவள் கேட்டதற்காகப் பயிற்சியாளர் ஒருநாள் கறுப்புக் கட்டையை வாசித்துப் பார்த்தாள். அப்பா சரியாகப் பாடினார். மற்ற ஐந்து பேரும் தடுமாறினார்கள். ரொட்டிக் கடைக்காரர், அன்றுவரை வந்துகொண்டிருந்த வார்த்தைகளும் நின்றுபோய், வாயைத் திறந்தபடியே கண்ணீர் விட்டார்.

பயிற்சியாளர் அவளை வராந்தாவுக்கு அழைத்து வந்தாள். "நீங்க சொல்றது சரிதாங்க. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அஞ்சு பேரு நாக்கை நான் எப்படித் திருப்புறது?"

"புரியுதுங்க," என்றாள் சின்னவள். உண்மையிலேயே புரிந்தது.

தாளையாவது திருத்தலாம் என்று தளத்தில் எளிய வடிவத்தை எடுத்துவிட்டு, கறுப்புக் கட்டையோடு புதிதாக ஏற்றினாள். நாலே நாளில் தளத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: தங்களுடைய புதிய பதிப்பில் பிழை இருப்பதாக எழுபது பயனர்கள் புகார் தெரிவித்துள்ளதால், பழைய பதிப்பு மீண்டும் வைக்கப்பட்டுள்ளது. புதியதுதான் சரி என்று பதில் எழுதினாள். 'தங்கள் அக்கறைக்கு நன்றி' என்று வந்தது. மறுபடி எழுதினாள், மறுபடியும் அதே நன்றிதான் வந்தது. நடுவில் யாரோ ஒருவர் கருத்துப் பகுதியில் காறித் துப்பியிருந்தார்: 'இந்தப் பாட்டைக் காதால்கூடக் கேட்காதவர்கள் எல்லாம் நோட்ஸ் போடக் கிளம்பிவிட்டார்கள்.'

அண்ணன் அதைப் படித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உன்னத்தான் சொல்றான்!"

"சிரிக்காதண்ணா."

"சரி, சிரிக்கல," என்றான். பிறகு அவள் தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே இருப்பதைப் பார்த்து, நிஜமாகவே சிரிப்பை நிறுத்தினான்.

வீட்டிலாவது பாட்டு அப்பாவுடையதாக இருக்கட்டும் என்று தினமும் காலையில் அவர் அறையில் விசைப்பலகையை வைத்து உட்கார்ந்தாள். கறுப்புக் கட்டையோடு வாசித்தாள். முதல் வாரம் நன்றாகப் பாடினார். இரண்டாம் வாரம் 'மாட்டேன்' வரும்போது லேசாகத் தயங்கினார். மூன்றாம் வாரம் அவளையே பார்த்துக்கொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நடுவில் எங்கேயோ பாடினார். குழுப் பயிற்சிக்கு வாரம் நான்கு நாள் போய்க்கொண்டிருந்தார்.

நான்காம் வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் அண்ணியிடமிருந்து அழைப்பு வந்தது. அழுகையில் முதலில் ஒன்றும் புரியவில்லை.

"மாமா பேசிட்டாரு! பாட்டு முழுசும் பாடினாரு. முடிச்சதும் அந்தப் பொண்ணு 'இன்னொரு தடவை பாடலாமா'ன்னு கேட்டுச்சு. 'மாட்டேன்'னாரு! பாட்டா இல்ல, பேச்சா! எல்லாரும் கை தட்டினோம்!"

"மூணாவது வரி எப்படிப் பாடினாரு, அண்ணி?"

"எப்படின்னா? எல்லாரும் பாடுற மாதிரிதான். எல்லாரோடயும் சேர்ந்து பாடிட்டாரு."

சின்னவள் சந்தோஷப்பட்டாள். அதில் பொய் இல்லை. கைபேசியை வைத்துவிட்டு அடுக்களையில் நின்று, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு வீடு முழுக்க ஒரே வார்த்தைதான். டீ குடிக்கிறீர்களா என்றால் "மாட்டேன்" என்பார், கையை நீட்டி வாங்கிக் குடிப்பார். சட்டை மாற்றலாமா என்றால் "மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கையைத் தூக்குவார். அண்ணனுக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. "எனக்கு இந்த வீட்டை எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டு, வந்த பதிலுக்கு "அதானே பார்த்தேன்" என்பான். அப்பாவும் சிரிப்பார்.

ஒரு காலை அவள் வழக்கம்போல விசைப்பலகையோடு உட்கார்ந்தாள். மூன்றாவது வரியில் கறுப்புக் கட்டையை அழுத்தியதும் அப்பா பாட்டை நிறுத்தினார். இடது கையை நீட்டி அவள் விரலைப் பிடித்தார். மெதுவாகத் தூக்கிப் பக்கத்து வெள்ளைக் கட்டையில் வைத்தார்.

"அப்பா, உங்க பாட்டு இது இல்லப்பா. இது நான் மாத்தினது. நீங்கதான் அன்னிக்கே சொன்னீங்களே."

"மாட்டேன்," என்றார், பொறுமையாக.

எதை மாட்டேன் என்கிறார்? பழையதை மறந்துவிட்டாரா, வேண்டாம் என்கிறாரா, அவள் மேல் இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்கிறாரா? கேட்க வழியில்லை. அவரிடம் இருப்பது ஒரு வார்த்தை.

வீட்டில் இருந்த பழைய காணொளிகளை எல்லாம் தேடினாள். அண்ணனின் கல்யாண நாளில் அப்பா இதே பாட்டைப் பாடியது ஒன்று கிடைத்தது. சரியாக 'மாட்டேன்' வரும் இடத்தில் யாரோ பெரிதாகத் தும்மியிருந்தார்கள். பத்து முறை ஓட்டிக் கேட்டாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு தானே பாடிப் பார்த்தாள். மேலே ஏறிப் பார்த்தாள், கீழே இறங்கிப் பார்த்தாள். இரண்டும் அப்பாவின் குரலிலேயே கேட்டன. அதோடு தேடுவதை விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் குழுப் பயிற்சிக்கு அவளே அழைத்துப் போனாள். அப்பாவுக்கு இப்போது ஊன்றுகோலே போதும். தன் நாற்காலியைத் தானே தேடிப் போய் உட்கார்ந்தார். ரொட்டிக் கடைக்காரர் அவர் தோளைத் தட்டி, "வாங்க" என்றார். அவருக்குப் புதிதாக வந்திருந்த வார்த்தை அது. "மாட்டேன்," என்றார் அப்பா. இருவரும் சிரித்தார்கள்.

சின்னவள் கதவருகிலேயே பையோடு நின்றாள். விசைப்பலகையின் மேல் அதே தாள், மூலை மடங்கி, டீக் கறை பட்டுப்போயிருந்தது. முதல் வரி போயிற்று, இரண்டாவது வரி போயிற்று. மூன்றாவது வரியில் ஆறு குரலும் ஒன்றாக மேலே ஏறின. அப்பாவின் குரல்தான் எல்லாவற்றிலும் உரக்க இருந்தது. ஆறாவது மாடியிலிருந்து அடித்தளத்துக்குக் கேட்கிற குரல்.

பயிற்சியாளர் வாசித்துக்கொண்டே தலையைத் திருப்பி, ஒரு கையை எடுத்து, அவளுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். சின்னவளும் பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்தினாள்.